குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் போதாதா? சபை மாறும் முன் ஒரு கேள்வி

பனங்காடு:

கிறிஸ்துவுக்குள் அன்பான அனைவருக்கும் வணக்கம்.

திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவள் நான். கைக்குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம், பள்ளிப் பருவத்தில் திடப்படுத்தல் (விசுவாசத்தை நானே பேராயர் முன் அறிக்கையிட்ட சடங்கு), பிறகு பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை என எல்லாமே ஊர்க் கோயிலில்தான். திருமணத்துக்குப் பின் சென்னையில் கணவர் வீட்டாரோடு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறேன். அங்கே நடக்கும் ஜெபமும், ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் அக்கறையும் உண்மையானவை. என் மகன் காய்ச்சலில் கிடந்த இரவில் விடியும்வரை எங்கள் கூடத்தில் முழங்காலில் இருந்தவர்கள் அந்தச் சபையார்.

இப்போது, சபையின் முழு அங்கத்தினராகி இராப்போஜனத்தில், அதாவது திருவிருந்தில், பங்கு பெற வேண்டுமானால் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்கிறார் போதகர். குழந்தைக்குத் தெளித்தது ஞானஸ்நானமே அல்ல என்பது அவர் போதனை. மாமியாருக்கும் அதே உறுதி. என் அம்மாவோ, "நீ மறுபடி முழுகினால், உன்னைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனதும் உனக்காக வாக்குக் கொடுத்ததும் பொய்யா?" என்று கேட்கிறார்.

யாரையும் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. திருச்சபை இந்தக் கேள்வியை இதற்கு முன் எப்படிச் சந்தித்தது என்று அறிந்த பிறகு முடிவெடுக்க விரும்புகிறேன். தயவுசெய்து வசனங்களை மட்டும் அடுக்காதீர்கள். இரு தரப்பு வசனங்களும் எனக்கு மனப்பாடம்.

மேலறை:

சகோதரிக்கு ஸ்தோத்திரம். நான் பெந்தெகொஸ்தே விசுவாசி. உங்கள் போதகர் சொன்னதைத்தான் நானும் சொல்வேன். ஏன் என்பதை என் சாட்சியிலிருந்து சொல்கிறேன்.

எனக்கும் குழந்தையில் தலையில் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்தார்கள். வாலிபம் முழுவதும் குடியில் போனது. கோயில் வரிப் பட்டியலில் என் பெயர் இருந்தது, நான் இல்லை. ஓர் உபவாச ஜெபத்தில் மனம் உடைந்து, பிறகு ஆற்றில் இறங்கி ஞானஸ்நானம் எடுத்தேன். அன்று கரையில் நின்று பார்த்த என் மனைவியைக் கேளுங்கள், வித்தியாசத்தைச் சொல்லுவாள்.

முதல் முறை நான் எதற்கு "ஆம்" என்றேன்? விசுவாசிக்கிறேன் என்று தன் வாயால் சொல்ல முடியாத ஒருவருக்கு அதைக் கொடுப்பது எப்படி? இதை இரண்டாவது ஞானஸ்நானம் என்று நாங்கள் நினைப்பதில்லை. எங்களுக்கு இதுதான் முதலாவது.

முதலூர்ப் பேரன்:

மேலறை சகோதரரின் சாட்சிக்காக ஆண்டவரைத் துதிக்கிறேன். ஒருவர் குடியை விட்டால் அந்த வீட்டின் அடுப்பே வேறு மாதிரி எரியும். அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது.

மகளே, நீ வரலாறு கேட்டிருக்கிறாய். நம் திருநெல்வேலித் திருச்சபையிலிருந்தே தொடங்குகிறேன். 1778-இல் பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்ற மராட்டியப் பிராமண விதவைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் சுவார்ட்ஸ் ஐயர். அவர் ஜெர்மானியர், மார்ட்டின் லூத்தர் வழிவந்த லூத்தரன் சபையார். அவருக்குச் சம்பளம் கொடுத்ததோ ஆங்கிலிக்கன் சபையின், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின், சங்கமான எஸ்.பி.சி.கே. கிளாரிந்தா முன்னின்று கட்டிய கோயில் 1785-இல் எழுந்தது. 1790-இல் சத்தியநாதனுக்குக் குருப்பட்டம் கிடைத்தது லூத்தரன் முறைப்படி, பேராயர் யாரும் கை வைக்காமலே. ஆங்கிலிக்கன் பேராயர் ஒருவர் இந்தியாவுக்கு வந்ததே 1814-இல்தான்.

பிறகு 1820-இல் இரேனியுஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவரும் ஜெர்மானியர், லூத்தரன் முறையில் பட்டம் பெற்றவர். வேலையோ ஆங்கிலிக்கன் சங்கமான சி.எம்.எஸ்.-இல். தம் உபதேசிமாருக்கு (ஊர்ச் சபைகளில் போதிக்கும் ஊழியருக்கு) ஆங்கிலிக்கன் முறைப்படி பட்டம் கொடுக்க அவர் மனம் ஒப்பவில்லை. அந்த மோதல் முற்றி 1835-இல் சங்கம் அவரை விலக்கியது. உபதேசிமார் பலரும் சபைகள் பலவும் அவர் பக்கம் போயின. 1838-இல் அவர் இறந்தபின் அந்தப் பிளவு ஆறியது. அதன்பின் நாம் முழு ஆங்கிலிக்கன் ஆனோம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் சி.எஸ்.ஐ. ஆனோம்.

ஒரே குடும்பத்தில் கொள்ளுத்தாத்தா லூத்தரனிடம் ஞானஸ்நானம் பெற்றார், தாத்தா ஆங்கிலிக்கனிடம், பேரன் சி.எஸ்.ஐ.யில். யாரும் யாருடையதையும் செல்லாது என்று சொல்லவில்லை. பக்கத்துக் கன்னியாகுமரியைப் பார். 1806-இல் ரிங்கல்தோபே மயிலாடிக்கு வந்த நாளிலிருந்து அது லண்டன் மிஷனின் களம், 1947 வரை அந்த மிஷன் சபைகளில் பேராயர் என்ற பதவியே கிடையாது. ஆங்கிலிக்கன் சபையாரும், மெதடிஸ்டுகளும், 1908-இல் பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து உண்டான தென்னிந்திய ஐக்கிய சபையாரும் சி.எஸ்.ஐ.யாக ஒன்றானபோது அதிகம் சண்டை போட்டது பேராயர் பதவி பற்றியும் குருப்பட்டம் பற்றியும். ஞானஸ்நானத்தைப் பற்றி அல்ல.

நம் ஊர்களில் பெரும்பாலான குடும்பங்கள் எந்தச் சபை என்பதை எந்த மிஷன் எந்த ஊருக்கு முதலில் வந்தது என்பதே முடிவு செய்தது. நாசரேத்தும் இடையன்குடியும் எஸ்.பி.ஜி. என்ற இன்னொரு ஆங்கிலிக்கன் சங்கம், மெஞ்ஞானபுரமும் டோனாவூரும் சி.எம்.எஸ். தாத்தா உபதேசக் கருத்துகளை ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் கிறிஸ்துவைத் தேர்ந்தெடுத்தார். அதற்காக ஊரில் அடியும் வாங்கினார்.

முத்துக்குளித்துறை:

நான் கத்தோலிக்கன், கடற்கரை ஊர். பெரியவர் சொன்னதோடு இன்னும் பழைய கதையைச் சேர்க்கிறேன். பனங்காடு சகோதரியின் கேள்வி திருச்சபைக்கு ஏறத்தாழ 1,800 ஆண்டு வயதுள்ள கேள்வி.

மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான், பிரிந்து போன குழுக்களில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்புகிறவர்களுக்கு மறுபடி கொடுக்க வேண்டும் என்றார். உரோமை ஆயர் ஸ்தேவான் கூடாது என்றார். இருவருமே பின்னாளில் புனிதர்களாகப் போற்றப்பட்டார்கள். நான்காம் நூற்றாண்டில் அதே வட ஆப்பிரிக்காவில் தொனாத்துவாதிகள் எழுந்தார்கள். 303-இல் தொடங்கிய துன்புறுத்தலில் வேதப்புத்தகங்களைப் படைவீரரிடம் ஒப்படைத்துவிட்ட குருக்களின் கையால் பெற்ற அருளடையாளங்கள் (ஞானஸ்நானம் போன்ற திருச்சடங்குகள்) செல்லாது என்றார்கள். தங்களிடம் வந்தவர்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவர்களை எதிர்த்து அகுஸ்தீனார் சொன்னதன் சாரம் இது: ஞானஸ்நானம் கொடுக்கிறவருடையது அல்ல, கிறிஸ்துவுடையது. யூதாஸ் கொடுத்திருந்தாலும் அது கிறிஸ்து கொடுத்ததே.

அதனால்தான் இன்றும் சி.எஸ்.ஐ.யிலிருந்து எங்களிடம் ஒருவர் வந்தால் நாங்கள் மறுபடி தண்ணீர் ஊற்றுவதில்லை. தண்ணீரும் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரும் இருந்தால் போதும்.

எங்கள் முன்னோர் ஞானஸ்நானம் பெற்ற விதத்தைப் பலர் ஏளனம் செய்வார்கள். 1535 முதல் 1537 வரை போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பைத் தேடிப் பரதவர் ஆயிரக்கணக்கில் பெற்ற ஞானஸ்நானம் அது. ஜெபம் சொல்லிக் கொடுக்கவே ஆள் இல்லை. 1542-இல் சவேரியார் வந்துதான் கற்பித்தார். அதில் என்ன விசுவாசம் இருந்திருக்கும் என்று கேட்பவர்கள் 1658-ஐப் பார்க்கட்டும். தூத்துக்குடியை டச்சுக்காரர் பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்த சபையார், கத்தோலிக்க வழிபாட்டை ஒடுக்கியவர்கள். தொழிலும் கடலும் அவர்கள் கையில். மதம் மாறியிருந்தால் லாபம். எங்கள் மக்கள் மாறவில்லை. பனிமய மாதா சொரூபத்தைக் காப்பாற்றி வைத்தார்கள். லாபத்துக்காகத் தொடங்கியது என்று எழுதப்பட்ட விசுவாசம், நஷ்டத்தில் நின்றது. தண்ணீர் பட்ட நாளில் மனிதனுக்கு எவ்வளவு புரிந்திருந்தது என்பதை வைத்து மட்டும் கடவுளின் வேலையை அளக்க முடியாது என்று நான் நம்புவதற்கு இதுதான் காரணம்.

மேலறை:

முத்துக்குளித்துறை சகோதரரே, உங்கள் முன்னோரின் உறுதியை மதிக்கிறேன். ஆனால் வரலாற்றின் மறுபக்கமும் சகோதரிக்குத் தெரிய வேண்டும்.

அகுஸ்தீனின் தாய் மோனிக்கா கிறிஸ்தவள். ஆனாலும் அவருக்குக் குழந்தையில் ஞானஸ்நானம் இல்லை. 387-இல் மிலானில் அம்புரோஸ் கையால் பெற்றபோது முப்பது வயதைக் கடந்தவர். கி.பி. 200 அளவில் தெர்த்துல்லியன், சிறுவருக்கு அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம், கிறிஸ்துவை அறியும் வயதில் வரட்டும் என்றே எழுதினார்.

1525 ஜனவரியில் சூரிக் நகரில் சிலர் கூடி, விசுவாசத்தை அறிக்கையிட்டு ஞானஸ்நானம் பெற்றார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸைக் கட்டி லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றது சீர்திருத்தக்காரரின் நகரசபை. கத்தோலிக்க நாடுகளிலும் அந்த மக்களுக்குத் தீயும் வாளும்தான். நாங்கள் இன்று சுதந்திரமாக ஆற்றில் இறங்குவதற்குப் பின்னால் அந்த இரத்தம் இருக்கிறது. இதை ஒரு பிடிவாதம் என்று யாராவது சொல்லும்போது என் நெஞ்சு பொறுப்பதில்லை.

இன்னொன்று. பெந்தெகொஸ்தே அனுபவம் அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு என்பார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் அசுசா தெரு எழுப்புதல் 1906-இல். அதற்கு 46 ஆண்டுகள் முன்பு, 1860-இல், கிறிஸ்தியான்பேட்டையில் அருளப்பனின் ஊழியத்தில் மக்கள் பாவ உணர்வடைந்து கதறினார்கள், அந்நிய பாஷை பேசினார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். அந்த அருளப்பன் யார்? பெரியவர் சொன்ன இரேனியுஸிடம் படித்தவர்!

கடைசியாக, நாங்கள் ஏன் பழைய சபையை விட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா ஆராதனையில் பின்வரிசைக்கு மேல் வந்ததில்லை. திருவிருந்துக் கிண்ணம் அவருக்குக் கடைசியில்தான் வரும். பெந்தெகொஸ்தே கூடுகையில் எல்லாருக்கும் ஒரே பாய். அன்று அவர் வேதசாஸ்திரம் பேசிக்கொண்டு சபை மாறவில்லை. பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார்.

முதலூர்ப் பேரன்:

தம்பி, உங்கள் தாத்தாவுக்கு நடந்தது பாவம். இதற்குச் சமாதானம் சொல்ல நான் முயல மாட்டேன். 1833-இலேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாக, முற்றிலும் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் அதை எதிர்த்துச் சபையை விட்டே போனார்கள். கட்டளை வந்து எத்தனை தலைமுறை கழித்தும் உங்கள் தாத்தா பின்வரிசையில் இருந்திருக்கிறார்.

முத்துக்குளித்துறை:

எங்களிடமும் இருந்தது. வடக்கன்குளத்தில் கோயிலையே இரண்டு கிளையாகக் கட்டி நடுவில் சுவர் வைத்தார்கள், இரண்டு சாதியும் ஒன்றையொன்று பார்க்காமல் பூசை காண. 1910-இல் பங்குக்குரு அந்தச் சுவரை இடித்தார். வழக்கு நீதிமன்றம்வரை போனது. சபை மாறியவர்களின் கதையை எழுதுகிறவர்கள் இந்தச் சுவரையும் எழுத வேண்டும்.

அடையாறு வாசகர்:

எல்லாரும் பெரிய பெரிய செய்திகளைப் பேசுகிறீர்கள். சகோதரிக்கு வேண்டியது குடும்ப நிம்மதி. பேசாமல் ஒரு முறை முழுகிவிட்டு வாருங்கள். தண்ணீர்தானே? ஆண்டவருக்கு உங்கள் மனம் தெரியும்.

மேலறை:

வேண்டாம் சகோதரி! முழுக்கு எடுக்கச் சொல்கிற நானே சொல்கிறேன், அப்படி மட்டும் இறங்காதீர்கள். நிம்மதிக்காக எடுக்கிற முழுக்கும், பெயர் வைப்பதற்காகத் தெளிக்கிற தண்ணீரும் எனக்கு ஒன்றுதான். தண்ணீரில் நிற்கும்போது, இயேசுவை இன்று ஏற்றுக்கொள்கிறேன், பழைய வாழ்க்கையை அடக்கம் பண்ணுகிறேன் என்று சபை நடுவில் அறிக்கை செய்வீர்கள். அது உங்கள் உள்ளத்தில் உண்மையாக இருந்தால் மட்டுமே இறங்குங்கள். இல்லையென்றால் நீங்கள் சாட்சி சொல்லவில்லை, பொய் சொல்கிறீர்கள்.

முதலூர்ப் பேரன்:

இதில் தம்பிக்கும் எனக்கும் ஒரு மயிரிழைகூட வேறுபாடு இல்லை.

தரங்கை லூத்தரன்:

சில செய்திகள் மட்டும். 1706-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் இறங்கிய நாளிலிருந்து எங்கள் சபையில் குழந்தை ஞானஸ்நானம்தான். அதை நான் மனதார ஏற்கிறேன். குழந்தை எதையும் கொண்டுவராமல் வெறுங்கையோடு பெறுகிறது, கிருபை என்றால் அதுதான்.

ஆனால் மேலறை சொன்ன இரத்தத்தில் எங்கள் முன்னோருக்கும் பங்குண்டு. எங்கள் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையிலேயே அந்த மக்கள் கண்டிக்கப்படுகிறார்கள். 2010 ஜூலையில் ஸ்டுட்கார்ட் நகரில் லூத்தரன் உலக சம்மேளனம் கூடியபோது, அவர்களின் வழிவந்த மெனோனைட் சபையாரிடம் முறையாக மன்னிப்புக் கேட்டது. கிட்டத்தட்ட ஐந்நூறு ஆண்டு கழித்து. கேட்ட நாங்களும் எங்கள் போதனையை மாற்றவில்லை, மன்னித்த அவர்களும் மாற்றவில்லை.

முழுக்கா தெளிப்பா என்ற சண்டைக்கும் ஒரு சொல். கிழக்குத் திருச்சபைகள் குழந்தையையே மூன்று முறை தண்ணீரில் முழுக்கி எடுக்கின்றன. அப்போஸ்தலர் காலத்தை ஒட்டிய திதாக்கே என்ற கையேடு, ஓடும் தண்ணீரில் கொடுங்கள், அது இல்லாவிட்டால் வேறு தண்ணீரில் கொடுங்கள், இரண்டும் இல்லாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றுங்கள் என்கிறது. தண்ணீரின் அளவைப் பற்றி அன்று யாரும் பிரியவில்லை.

வட்டுக்கோட்டை:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடும்பம் 1816-இல் வந்த அமெரிக்க மிஷனின் வழி. அந்த மிஷனை அனுப்பிய சங்கமே அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு அடோனிராம் ஜட்சனை அனுப்பியது. 1812-இல் கப்பலில் கல்கத்தாவுக்கு வரும் வழியில், அங்கே கேரி முதலான, விசுவாசத்தை அறிக்கையிடுகிறவருக்கே முழுக்கு கொடுக்கும் பாப்திஸ்து ஊழியரைச் சந்திக்க வேண்டியிருக்கும் என்று ஞானஸ்நானத்தைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அவர்களோடு வாதாடத் தயாராகும் படிப்பு அது. படித்து முடித்தபோது அவர்கள் சொல்வதே சரி என்று அவருக்குப் பட்டது. முதலில் மனைவி ஆன் சம்மதிக்கவில்லை. பின்பு தாமே படித்து ஒப்புக்கொண்டார். இருவரும் கல்கத்தாவில் முழுக்கு எடுத்தார்கள். தம்மை அனுப்பிய சங்கத்திலிருந்து விலகினார். அந்நிய நாட்டில் சம்பளமும் ஆதரவும் இல்லாத நிலை. பிறகு பர்மாவில் அவர் செய்த ஊழியம் உலகறிந்தது.

இதை நான் சொல்வது நீங்களும் அப்படியே செய்யவேண்டும் என்பதற்காக அல்ல. எங்கள் சபை இன்றும் குழந்தைகளுக்கே கொடுக்கிறது, நான் அதில் மகிழ்ச்சியாக இருக்கிறேன். ஜட்சனையும் ஆனையும் யாரும் வற்புறுத்தவில்லை, கணவன் மனைவியைக்கூட வற்புறுத்தவில்லை. உங்கள் வீட்டில் அந்த அவகாசம் உங்களுக்குக் கிடைக்கிறதா தங்கச்சி?

பனங்காடு:

எல்லாருக்கும் நன்றி. வட்டுக்கோட்டை அண்ணனின் கேள்வியை அப்படியே கணவரிடம் கேட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "உன் முடிவு எதுவானாலும் அம்மாவிடம் நான் பேசுகிறேன்" என்றார். இரண்டு பேரும் போதகரிடம் போனோம்.

நான் முழுக்கு எடுக்கப் போவதில்லை. காரணத்தைக் கொடுத்தவர் மேலறை அண்ணன்தான். தண்ணீரில் நின்று என்ன அறிக்கை செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். இன்றுதான் இயேசுவை ஏற்றுக்கொள்கிறேன் என்று என்னால் உண்மையாகச் சொல்ல முடியாது. அவரை அறியாத ஒரு நாள் என் நினைவில் இல்லை. ஆச்சி மடியில் பாமாலை கேட்ட காலத்திலிருந்து அவர் இருக்கிறார். திடப்படுத்தல் நாளில் பேராயர் முன் நான் சொன்ன "ஆம்" பாடம் ஒப்பித்தது அல்ல, முந்தின இரவு அழுது ஜெபித்துவிட்டுச் சொன்னது. அண்ணனுக்கு ஆற்றில் நடந்தது எனக்கு அந்தக் கோயிலில் மெதுவாக நடந்திருக்கிறது. அதை ஒன்றுமில்லை என்று சபை நடுவில் சொன்னால் அதுதான் பொய்ச் சாட்சி.

போதகரிடம் இதையே சொன்னேன். அவர் தம் போதனையிலிருந்து இறங்கவில்லை. இராப்போஜனத்தில் என்னைச் சேர்க்க முடியாது என்றார். ஆனால் கோபப்படவில்லை, ஆராதனைக்கும் வீட்டு ஜெபத்துக்கும் எப்போதும்போல் வரச் சொன்னார். திருவிருந்துக்கு மாதத்தின் முதல் ஞாயிறு பக்கத்து சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குப் போகிறேன். சில சமயம் கணவரும் கூட வருகிறார், பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அந்த அப்பத்தை நாங்கள் இருவரும் ஒரே மேசையில் பெற முடியாதது எனக்கு வலிக்கிறது. அந்த வலியைப் போக்க எனக்கு வழி தெரியவில்லை.

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மகனைச் சபையில் பிரதிஷ்டை மட்டும் செய்திருக்கிறோம், ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அவனுக்கு உடனே கொடுக்க வேண்டும் என்று என் அம்மா கேட்கிறார்.

மேலறை:

சகோதரி, உங்கள் முடிவு வேதத்தின்படி சரி என்று நான் இன்னும் நினைக்கவில்லை. ஆனால் நீங்கள் ஆண்டவரை அறிந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டையும் ஒருசேரச் சொல்வது எனக்குக் கடினமாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காக ஜெபிக்கிறேன்.

மகன் விஷயத்தில் மட்டும் உங்கள் கணவருக்காகப் பேசுகிறேன். அவர் உங்கள் மனச்சாட்சிக்கு இடம் கொடுத்தார். மகன் வளர்ந்து தானே கேட்கும்வரை காத்திருக்க நீங்கள் இடம் கொடுக்கலாமே.

முதலூர்ப் பேரன்:

தம்பி சொல்வது நியாயம். 1982-இல் பெரு நாட்டு லீமாவில் பல சபைகளின் இறையியலார், கத்தோலிக்கரும் உட்பட, கூடி எழுதிய ஞானஸ்நான அறிக்கையும் இதே திசையில் போகிறது. ஒருமுறை பெற்றவருக்கு மறுபடி கொடுப்பதாகத் தோன்றும் எதையும் செய்யாதீர்கள், அதேசமயம் குழந்தைக்குக் கொடுப்பவரும் வளர்ந்தபின் கொடுப்பவரும் ஒருவரையொருவர் மதியுங்கள் என்கிறது. உன் அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல், மகளே. சி.எஸ்.ஐ.யிலும் பெரியவர்கள் ஞானஸ்நானம் பெறுகிறார்கள், அதற்கென்று ஆராதனை முறையும் இருக்கிறது. பேரன் இழந்து போவது ஒன்றுமில்லை, ஜெபிக்கிற பாட்டி இருக்கும்போது.

பனங்காடு:

அம்மாவிடம் சொன்னேன் ஐயா. உடனே ஏற்கவில்லை. பேரனுக்குத் தினமும் ஒரு கீர்த்தனை சொல்லிக்கொடுக்க அனுமதி வேண்டும் என்றார். மாமியாரே, "அதற்கு ஏன் அனுமதி?" என்றுவிட்டார்.

ஒரு சிறிய உதவி. இங்குள்ள ஆலயத்தில் அங்கத்தினராகச் சேர என் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கிறார்கள். வீட்டில் இருந்த தாள் வெள்ளத்தில் போய்விட்டது. எங்கே வாங்குவது?

முதலூர்ப் பேரன்:

உன் ஊர்க் கோயில் சேர்ந்த சேகரத்தின் (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதி) அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். உன் பெயர், அப்பா அம்மா பெயர், பிறந்த தேதி, ஏறத்தாழ எந்த ஆண்டில் கொடுத்தது என்று எழுதிச் சேகரகுருவுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பு. பதிவைப் பார்த்து நகல் எழுதிக் கையெழுத்திட்டுத் தருவார். அதோடு அங்கத்தினர் மாற்றுக் கடிதமும் கேட்டு வாங்கிக்கொள், இரண்டுக்கும் தனித்தனியாக அலைய வேண்டாம்.